செத்த மாட்டைத் திருப்பிப் போட்டவள்

டாரீன் பலாஷ் எங்கள் ஹார்லன் பே நகரசபையில் இருபத்தாறு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். ஆறடி உயரம். இரண்டு முழங்காலும் கெட்டுப்போனவை, வாய் அதைவிட மோசம். புருஷன் படகு விற்கிற ஒருத்தியோடு ஓடிப்போனபோது, “படகையாவது எனக்கு விட்டுட்டுப் போயிருக்கலாம்” என்று சொன்னாளே தவிர, வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் கடற்படையில். வியாழக்கிழமை பௌலிங், வெள்ளிக்கிழமை தேவாலய நிலவறையில் மீன் வறுவல். அவளுக்கும் கலைக்கும் இருந்த உறவு, பல் டாக்டர் அறையில் மாட்டியிருக்கும் கலங்கரை விளக்கப் படத்தோடு முடிந்துவிட்டது.

நான் ரஸ். அதே லாரிக் கொட்டகையில் கிரேன் ஓட்டியவன். இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்.

நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் ஒரு சிவப்பு இரும்புச் சிற்பம் இருந்தது. வட்டமான பெரிய தொப்பை ஒன்று தரையில் கிடக்கும். அதிலிருந்து நான்கு தூண்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். 1974-ல் வைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி அடித்துப் போட்ட மாடு, மூன்று நாள் வெயிலில் ஊதிப்போய், கால்களைத் தூக்கிக்கொண்டு கிடக்குமே, அச்சு அசல் அதேதான். ஊரே அதை ‘செத்த மாடு’ என்றுதான் சொல்லும். “செத்த மாட்டுகிட்ட நாலு மணிக்கு வந்துரு” என்றால் எல்லோருக்கும் புரியும். கல்யாண ஜோடிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர் மதுக்கடை அந்தப் பெயரில் ஒரு பியரே விற்றது. பியரும் அப்படித்தான் இருந்தது.

2016 பிப்ரவரியில் ஏரியிலிருந்து ஒரு பனிப்புயல் வந்து இரண்டடி கொட்டியது. டாரீன் சதுக்கத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தவள், பனிக்குள் புதைந்திருந்த மாட்டின் தொப்பையில் லாரியின் முன்தகட்டை ஏற்றிவிட்டாள். கோயில் மணி அடித்ததுபோல் ஒரு சத்தம். விளிம்பு உள்ளே மடங்கியது, கீழே இருந்த கான்கிரீட் மேடையிலும் ஒரு வெடிப்பு விழுந்தது.

விபத்து நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘சேதமடைந்த பொருளின் பெயர்’ என்ற கட்டத்தில் டாரீன் ‘செத்த மாடு’ என்று எழுதினாள். மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார்.

“டாரீன், இது இன்சூரன்ஸுக்குப் போற காயிதம். ஒழுங்கான பேர எழுது.”

“அதுக்கு ஒழுங்கான பேர் என்ன?”

“எனக்கென்ன தெரியும்? பலகையைப் பாரு.”

பித்தளைப் பலகையை எவனோ எண்பதுகளிலேயே பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். அதனால் டாரீன் நூலகத்துக்குப் போனாள். அந்தக் கட்டடத்தைச் சுற்றி இருபத்தாறு வருஷம் பனி தள்ளியிருக்கிறாள். உள்ளே காலை வைத்தது அன்றுதான் முதல் தடவை. நூலகப் பெண் பழைய செய்தித்தாள்களின் படச்சுருளை இயந்திரத்தில் போட்டுக் காட்டினாள். சிற்பத்தின் பெயர் ‘எழுந்து நிற்பது’. செய்தவர் ஆர்லோ ட்ரெஸ்கோ, வயது முப்பத்தெட்டு. கூடவே ஒரு படம். சிற்பி தன் பட்டறை வாசலில், தான் செய்ததன் நிழலில் நிற்கிறார்.

நிழலில். டாரீன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். அவர் தொப்பைக்கு அடியில் நிற்கிறார். தலைக்குமேல் தொப்பை கூரைபோல் இருக்கிறது. நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கின்றன.

மறுநாள் காலை காபி நேரத்தில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“யோவ் ரஸ், நம்ம மாடு சாகல.”

“என்ன?”

“தலைகீழா வச்சிருக்கானுங்க. நாப்பத்திரண்டு வருஷமா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நகல் எடுத்த படத்தை என் டோனட் மேலேயே வைத்தாள். பார்த்தேன். “கேமராவத் தலைகீழா பிடிச்சிருப்பானுங்க” என்றேன். “அப்ப அந்தாளும் தலைகீழாத்தான் நின்னிருக்கணும், மண்டு” என்றாள்.

இத்தோடு விட்டிருந்தால் அவள் டாரீன் இல்லை. படிவத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளீவ்லாண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டாள். எதற்கு என்று கேட்டேன். “ஒரு சிலைக்கு மேல் எது, கீழ் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறானுங்கன்னு பார்த்துட்டு வரேன்” என்றாள்.

போனவள் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை அங்கேயே இருந்திருக்கிறாள். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நிர்வாணமாக நிற்கிறதே என்று கோபம் வந்ததாம். “குளிச்சுட்டு வந்து துண்டத் தேடுற மாதிரியே நிக்கிறாளுங்க எல்லாரும்.” அப்புறம் ஒரு பளிங்குப் பெண்ணின் பின்பக்கம் போய் நின்றிருக்கிறாள். முன்னால் முகம், மார்பு, மடிப்புத் துணி எல்லாம் வழவழவென்று இருக்கிறது. பின்னால், முதுகுக்குக் கீழே, உளி போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஓரிடத்தில் உளி நழுவி ஒரு கீறல். செய்தவன் நிச்சயம் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியதாம். அந்த நிமிஷமே அவளுக்குச் சிலைகள் பிடித்துவிட்டன. அதற்குப்பின் எந்தச் சிலைக்கும் முன்னால் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் போனாள்.

நவீன இரும்புச் சிற்பங்கள் வைத்திருந்த கூடத்தில் மண்டியிட்டு, ஒன்றின் அடியில் கைவிளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்திருக்கிறாள். காவல்காரி ஓடி வந்தாள்.

“ஏம்மா, என்ன தொலைச்சீங்க?”

“ஒண்ணும் தொலைக்கல. இதுக்கு அடி எது?”

“கீழ இருக்கிறதுதான் அடி.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் நினைச்சானுங்க.”

கதையைக் கேட்டதும் காவல்காரி விழுந்து விழுந்து சிரித்தாளாம். பதினோரு வருஷம் அந்தக் கூடத்தில் நின்றவள். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வைப்பதற்காகச் செய்த இரும்பு உள்ளே வெற்றிடமாக இருந்தால், தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் தங்கி, குளிரில் உறைந்து, வெல்டிங்கை வெடிக்க வைத்துவிடும்.

டாரீன் திங்கட்கிழமை விடிந்ததும் ஏணியோடு சதுக்கத்துக்குப் போனாள். தொப்பையின் மேல்பக்கம், நான்கு தூண்களுக்கும் நடுவே, விரல் நுழைகிற அளவில் ஆறு துளைகள். எல்லாம் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. நாற்பத்திரண்டு வருஷ மழையும் புறாக்கள் போட்டதும் அதற்குள்தான் போயிருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு கலைக்குழு உண்டு. தலைவி திருமதி ஃபென்விக். வீட்டுமனைத் தரகு செய்கிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத் துண்டு. இந்தச் சிற்பத்தைப் பற்றி அவர் பதினாறு பக்கத்தில் ஒரு சிறுபுத்தகம் எழுதியிருந்தார். வானை நோக்கி நீளும் நான்கு தூண்களும் உழைக்கும் மக்களின் கைகள் என்று அதில் இருந்தது. தூண்களின் நுனியில் தட்டையான தகடுகளும், ஒவ்வொரு தகட்டிலும் நான்கு ஓட்டைகளும் இருக்கும். அவை உழைப்பாளியின் உள்ளங்கைக் காயங்களாம்.

கூட்டத்தில் டாரீன் எழுந்து நின்றாள். நானும் துணைக்குப் போயிருந்தேன்.

“மேடம், அது காயம் இல்ல. போல்ட் போடுற ஓட்டை. தரையில வச்சு முடுக்குறதுக்கு.”

திருமதி ஃபென்விக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ் பலாஷ், நீங்க எங்க வேலை செய்யறீங்க?”

“பனி தள்ளுறேன்.”

“அந்தச் சிற்பத்தை இடிச்சது...”

“நான்தான். அதனாலதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீங்க யாராவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா?”

நகர முத்திரையில் மாடு கால் தூக்கியபடிதான் இருக்கிறது என்றார் ஒருவர். சட்டைகள் அச்சடித்தாகிவிட்டது என்றார் இன்னொருவர். சிற்பி ஆட்சேபிக்கவில்லையே என்றார் மூன்றாமவர். சிற்பி செத்துப்போய்விட்டதாகக் கேள்வி என்று திருமதி ஃபென்விக் முடித்துவைத்தார். விஷயம் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. எங்கள் ஊரில் ஆய்வுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

செத்துப்போன சிற்பியின் எண் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது. பென்சில்வேனியா எல்லையைத் தாண்டி இருபது நிமிஷம். சனிக்கிழமை இருவரும் போனோம். பட்டறை வாசலில் கிழவர் ஒருவர், பல் இல்லாத நாய் ஒன்று, உள்ளே ஏழெட்டு இரும்பு அடுப்புகள். ஆர்லோ ட்ரெஸ்கோவுக்கு எண்பது வயது. முப்பது வருஷமாக விறகு அடுப்பும் வேலிக்கதவும் செய்து விற்கிறார்.

“சார், நாங்க ஹார்லன் பேல இருந்து வர்றோம்.”

“சார்னு கூப்பிட்டா கதவச் சாத்திருவேன். அடுப்பா, கதவா?”

“சிற்பம்” என்றாள் டாரீன்.

கிழவர் கையிலிருந்த அரத்தை மேசைமேல் வைத்தார்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா? பரவால்லையே. நாப்பது வருஷம்தான் ஆகியிருக்கு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாம? பெத்தவனுக்குப் பிள்ளையோட தலை எது, இன்னொண்ணு எதுன்னு தெரியாதா?”

பிறகு சொன்னார். சிற்பம் லாரியில் போகும்போது ஆடாமல் இருக்கத் தொப்பையை அடியில் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். பின்னாலேயே தன் வண்டியில் கிளம்பினார். வழியில் என்ஜின் புகைந்து நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் ஏற்றி வந்த வாக்கிலேயே தூக்கி இறக்கி, ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் வந்து சேர்ந்தபோது மேயர் பேசிக்கொண்டிருந்தார். பேண்ட் வாசிக்கிறார்கள். முந்நூறு பேர் கை தட்டுகிறார்கள். முன்வரிசையில் இவருடைய அம்மா, புதுத் தொப்பி போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

“அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா வராது. நான் வெல்டிங் பத்த வச்சுட்டு உட்கார்ந்திருந்த பத்து வருஷமும், ‘எப்படா வேலைக்குப் போவே’ன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னிக்குப் பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் ‘என் பையன், என் பையன்’கிறா. நான் மேல ஏறி, ‘மன்னிக்கணும், தலைகீழா இருக்கு’ன்னு சொல்லவா?”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“அப்புறம் பேப்பர்காரன் எழுதிட்டான். கைகள் வானத்தை வேண்டுதுன்னு. இன்னும் ரெண்டு ஊர்ல இருந்து கூப்பிட்டானுங்க. அதே மாதிரி கை வேணுமாம். நான் செஞ்ச சிற்பத்த எவனும் பார்க்கல. பார்க்காத ஒண்ணுக்கு எல்லாரும் புகழ்றானுங்க. எனக்குக் குமட்டிப்போச்சு. அடுப்புன்னா அந்தத் தொல்லை இல்ல. தலைகீழா வச்சா வீடு எரிஞ்சுரும். வாங்கினவனே திருப்பி வச்சிருவான்.”

டாரீன் பொதுவாக யாரையும் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், நாய் எழுந்துவிட்டது.

“இப்ப திருப்பி வைக்கலாமா?”

“ஏம்மா, எனக்கு எண்பது வயசு. காலையில மூத்திரம் ஒழுங்கா போனா அதுவே எனக்குப் பெரிய கலை. நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க.” நாங்கள் வாசல் வரை வந்தபிறகு பின்னாலிருந்து சத்தம் வந்தது. “கால்ல கயிறு போடாதீங்க. தொப்பையோட பக்கவாட்டுல நாலு வளையம் இருக்கும். அதுல மாட்டித் தூக்கணும்.”

அவ்வளவுதான், எங்களுக்கு அது போதும்.

ஏப்ரலில் இன்சூரன்ஸ் முடிந்து வேலை ஆணை வந்தது. ‘சிற்பத்தை அகற்றி, விளிம்பைச் சீர்செய்து, வண்ணம் பூசி, மேடையைப் புதிதாகக் கட்டி, சரியாக நிறுத்தவும்.’ டாரீன் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளையும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு என் பெட்டியில் ஒட்டிவைத்தாள்.

நான் கிரேனில் தூக்கியதும் மாடு மூச்சுவிட்டது. அப்படியொரு சத்தம். காற்றில் மெதுவாகச் சாய்த்துத் திருப்பினேன். ஆறு துளைகளிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. சகிக்க முடியாத நாற்றம். வெட்டிப் பார்த்தால் உள்ளே குளவிக்கூடுகளும், ஒரு புறாவின் எலும்பும், மடங்கிய விளிம்பின் இடுக்கு வழியாக எவனோ திணித்துவிட்ட பியர் டப்பாக்களும். எங்கள் கொட்டகையில் ஒரு வாரம் யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பழைய வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஆர்லோ இறங்கினார். முகக்கவசமும் வெல்டிங் கையுறையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

“சும்மா பார்க்க வந்தேன்” என்றார். எங்கள் வெல்டிங்காரன் போட்ட ஒட்டைப் பார்த்தார். “இது என்ன, பல்பசையா?” என்று கேட்டு அவனை நகரச் சொன்னார். நான்கு நாள் வேலை செய்தார். மத்தியானம் தூங்குவார், எழுந்து திட்டுவார், மறுபடி வேலை செய்வார். டாரீன் பக்கத்திலேயே உட்கார்ந்து துருவைத் தேய்த்தாள். மேடையில் போல்ட்டுகள் எங்கே நிற்க வேண்டும் என்று கிழவர் ஒரு அட்டைப்பெட்டி மூடியில் வரைந்து கொடுத்தார்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. நல்ல வெயில். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, சுற்றி ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டால், அமெரிக்காவில் எதையும் திருப்பி வைக்கலாம். வெள்ளை மாளிகையைக்கூடத் திருப்பி வைக்கலாம். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எங்களுக்காகப் போக்குவரத்தை நிறுத்திக் கொடுத்தார். மேயர் சன்னலிலிருந்து கை ஆட்டினார். ஒரு மணிக்குள் நான்கு கால்களும் ஊன்றி, பதினாறு போல்ட்டும் முடுக்கியாகிவிட்டது.

அது நின்றது. நாற்பத்திரண்டு வருஷம் கிடந்தது எழுந்து நின்றது. தொப்பை என்று நாங்கள் நினைத்தது, தலைக்குமேல் லேசாகச் சாய்ந்த கூரையாக இருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் இப்போதுதான் தரையை உதைத்து எழுந்ததுபோல் வளைந்திருந்தன. கன்றுக்குட்டி முதல் தடவை எழுந்து நிற்குமே, விழுந்துவிடுமோ என்று நமக்குப் பதறுமே, அந்த மாதிரி. நான் கிரேனை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாரீன் வழக்கம்போல் அதன் பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பெயிண்ட் வாசனை” என்றாள்.

அடுத்தது என்ன ஆகும் என்று பயந்துகொண்டே காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை! “நல்லா பெயிண்ட் அடிச்சிருக்கீங்கப்பா” என்றார் மேயர். ஹாட் டாக் விற்கிற பெண் மட்டும், நிழல் நன்றாக இருக்கிறது என்று வண்டியை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான்காம் நாள் திருமதி ஃபென்விக் மதியச் சாப்பாட்டுக்கு அந்த வழியாக வந்து, நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

விசாரணை நடந்தது. ஒரு நீள மேசை, ஒரு பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர்.

“யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?” என்றார் திருமதி ஃபென்விக்.

டாரீன் வேலை ஆணையைத் தள்ளிவைத்தாள். “சரியா நிறுத்தச் சொல்லியிருக்கு மேடம். சரியா நிறுத்தினோம்.”

“என் புத்தகம்... பள்ளிக்கூடத்துல எல்லாம் பாடமா வச்சிருக்காங்க.”

“புத்தகத்தையும் தலைகீழா பிடிச்சுப் படிக்கச் சொல்லுங்க” என்றேன் நான். டாரீன் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்புறம் அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“மேடம், நீங்க ஒருத்தராவது அதைப் பத்திப் பதினாறு பக்கம் யோசிச்சிருக்கீங்க. நான் இருபத்தாறு வருஷம் சுத்தி வந்தேன், ஒரு நிமிஷம் யோசிக்கல. வாங்க, அடியில போய் நின்னு பார்ப்போம். அதுக்கப்புறம் திட்டுங்க.”

மேயருக்குச் சாப்பிடப் போக வேண்டியிருந்தது. கொட்டகையில் வேலை செய்த நாட்களில் ஆர்லோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கடிதமும் கோப்பில் இருந்ததால், திருப்பிய குற்றத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் படிவம் இப்போது முழுமையாக நிரப்பப்பட்டிருந்தபடியால், பிப்ரவரியில் சிற்பத்தை இடித்ததற்காக டாரீனுக்கு மூன்று நாள் தற்காலிக வேலைநீக்கம். எனக்கு வாய்க்கொழுப்புக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மூன்று நாளில் டாரீன் பிட்ஸ்பர்க், டொலிடோ, பஃபலோ என்று மூன்று ஊர்ச் சிலைகளின் பின்பக்கங்களையும் பார்த்துவிட்டு வந்தாள். பஃபலோவில் ஒரு வெண்கல ஜெனரலின் குதிரைக்கு அடியில் படுத்திருந்தவளை ஒரு போலீஸ்காரர் எழுப்பி, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தாராம். “எனக்கு ஒண்ணுமில்ல. இந்தக் குதிரைக்குத்தான் வயித்துல ஒட்டு சரியில்ல” என்றிருக்கிறாள்.

ஜூன் மாதம் ஆர்லோ வந்தார். நிறுத்தும் அன்று வர மாட்டேன் என்று சொல்லிவிட்டவர். “ஒரு தடவை திறப்பு விழாவுக்கு வந்தது போதும்” என்பது அவர் வாதம். நாங்கள் இருவரும் அவரை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனோம். அடியில் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்தார்.

“இடது பின்னங்கால் ரெண்டு அங்குலம் நீளம்” என்றார்.

“அப்படியா?”

“முப்பத்தெட்டு வயசுல கண்ணு தெரியாத கழுதையா இருந்திருக்கேன்.” கண்ணைக் கையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டார். பிறகு ஹாட் டாக் ஒன்று கேட்டார், கடுகு விழுது நிறைய போட்டு. வாங்கிக்கொடுத்தோம். அங்கேயே, கூரையின் நடுவில் நின்று சாப்பிட ஆரம்பித்தார்.

மிச்சிகனிலிருந்து வந்த ஒரு குடும்பம் தள்ளி நின்று கேமராவைத் தூக்கியது. அப்பாக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்.

“பெரியவரே, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? சிற்பத்தை எடுக்கணும்.”

டாரீனுக்கு முகம் சிவந்தது. “யோவ், இவர் யாருன்னு...” என்று ஆரம்பித்தாள். ஆர்லோ கடுகு ஒட்டிய கையால் அவள் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தாராளமா எடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வெயிலுக்கு நகர்ந்து நின்றார். மிச்சிகன்காரர் நாலைந்து படம் எடுத்தார். குழந்தைகள் கால்களுக்கிடையே ஓடின. ஆர்லோ மிச்சத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.